எதிர்ப்பக்கத்து எடை

எங்கள் வெல்டர் ஆரோக்கியம் டீ குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சற்று முன்புதான் குடித்தான், கிளாஸ் இன்னும் கழுவாமல் வெல்டிங் மிஷின் மேலேயே இருக்கிறது. இன்னொரு டீ எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவனும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, அக்கம்பக்கத்துப் பட்டறையெல்லாம் பூட்டிக் கிடக்கிறது, கிரைண்டர் சத்தம் இல்லாமல் எங்கள் தெரு வேறு யார் தெருவோ மாதிரி இருக்கிறது, நான் ஒரு சீசாவின் முனையில் உட்கார்ந்திருக்கிறேன், ஐம்பது வயதுப் பொம்பளை, புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. கால் கட்டைவிரல் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது. எதிர்ப்பக்கம் ஆள் இல்லை, இரும்புப் பெட்டி இருக்கிறது, பெட்டிக்குள் ஆரோக்கியம் அடுக்கிய தகடுகள் இருக்கின்றன. நான்தான் போடு, இன்னொன்று போடு, இன்னும் ஒன்று என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், அவனும் போட்டுக்கொண்டே இருந்தான், போதும் என்றபோது பலகை அப்படியே மட்டமாக நின்றது, ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது டீக்கு ஏன் ஓடுகிறான். இந்தச் சீசாவில் ஆடப்போவது இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பொடிசு. நான் ஏற்றி வைத்திருப்பது என் புருஷனின் எடை. அவர் போய் ஆறு மாதம் ஆகப்போகிறது. சாயங்காலத்துக்குள் மலைக்குப் போகிற வண்டி வந்துவிடும், அதற்குள் இதையெல்லாம் பிரித்து இறக்கியாக வேண்டும், இறக்குவதற்கு முதலில் நான் எழுந்திருக்க வேண்டும்.

போன மாதம் மலைமேலிருந்து எஸ்தர் டீச்சர் என்று ஒருத்தர் எங்கள் விளையாட்டுச் சாமான் பட்டறைக்குப் போன் செய்தார். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம், ஒரே டீச்சர், ஒரே பிள்ளை. போன வருஷம் வரைக்கும் இரண்டு பிள்ளைகளாம், மற்றவளுடைய அப்பா அம்மா பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய்விட்டார்கள், இப்போது சிந்துஜா மட்டும்தான். பழைய சீசா ஒன்று இருக்கிறது, மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் சிந்துஜா அதன் தாழ்ந்த முனையில் போய் உட்கார்ந்துகொள்கிறாள், மணி அடிக்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள், யாரையும் கூப்பிடுவதில்லை, அழுவதும் இல்லை. டீச்சர் எதிர்முனையைக் கையால் அழுத்திப் பார்த்திருக்கிறார், இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஏறி உட்கார்ந்து பார்த்திருக்கிறார், பிள்ளை மேலேயே நின்றுவிட்டாள். ஒரே ஆள் ஆடுகிற மாதிரி சீசா செய்ய முடியுமா என்றார். ஊஞ்சல் போட்டுத் தரட்டுமா, அதில் தனியாகவே ஆடலாமே என்றேன். ஊஞ்சலும் இருக்கிறதாம், அந்தப் பக்கமே அவள் போவதில்லையாம். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஊஞ்சலுக்கு யாரும் வேண்டாம், சீசாவில் அந்தப் பக்கம் ஒருத்தர் இறங்கினால்தான் இந்தப் பக்கம் நாம் ஏறலாம், அந்தப் பிள்ளைக்கு வேண்டியது அந்தப் பக்கம். செய்து தருகிறேன் என்று யோசிக்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன். முதலில் ஸ்பிரிங் வைத்துப் பார்த்தோம், ஆரோக்கியம் அழுத்திவிட்டுக் கையை எடுத்தான், கோழி உதறுகிற மாதிரி உதறியது. வேண்டாம், கழற்று என்றேன். எடைதான் வைக்க வேண்டும், பிள்ளையின் எடையைவிடக் கொஞ்சம் குறைவாக, அவள் உட்கார்ந்தால் மெதுவாகத் தரைக்கு வருவாள், காலால் ஒரு உந்து உந்தினால் மேலே போவாள், எதிர்ப்பக்கம் இறங்கும், மறுபடி ஏறும். எடை கூடிவிட்டால் போச்சு, பிள்ளை மேலேயே மாட்டிக்கொள்வாள், அங்கிருந்து குதித்தால் கைகால் முறியும். டீச்சர் அங்கன்வாடித் தராசில் அவளை நிறுத்துச் சொன்னார், அரை மூட்டை அரிசிகூட இல்லை. நான் சுவரில் சாக்பீஸால் கணக்குப் போட்டு வைத்தேன். கணக்கு இப்போதும் அங்கேதான் இருக்கிறது, சரியாகத்தான் இருக்கிறது, என் கைதான் அதைப் படிக்கவில்லை.

கை என்ன செய்யும், பழகினதைச் செய்யும். எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு, எந்தச் சாமானும் நாங்கள் ஏறிப் பார்க்காமல் பெயின்ட்டுக்குப் போகாது. பிள்ளைகள் ஏறுவதற்கு முன்னால் நாம் ஏற வேண்டும் என்பார் வெள்ளியங்கிரி. என் புருஷன் பெயர் அது, முன்பெல்லாம் வாயால் சொல்ல மாட்டேன், இப்போது அடிக்கடி சொல்கிறேன், சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது. சறுக்குமரம் செய்தால் அவர் சறுக்கிப் பார்ப்பார், அப்படி இரண்டு பேன்ட் கிழிந்திருக்கிறது. சீசா என்றால் இரண்டு பேரும். நான் முனையில் உட்காருவேன், அவர் என்னைவிடக் கனம் என்பதால் எதிர்முனையிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி உட்காருவார், அந்த இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டு வைத்திருப்பேன், நான் முனையிலும் அவர் கோட்டிலும் உட்கார்ந்து பலகை மட்டமாக நின்றால் நடு அச்சு சரி, இல்லாவிட்டால் கோணல். என் கல்யாண ரவிக்கை இன்றைக்கும் எனக்குப் பற்றும், அதனால் நான்தான் அளவு, என் காலுக்குச் சரி என்று பட்டால் சரி. லோடு ஏற்ற வருகிறவர்கள் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பிள்ளை குட்டி இல்லாததுகள், இதுகளே ஆடித் தீர்த்துக்கொள்கின்றன என்று அவருடைய சொந்தத் தங்கையே சொல்லியிருக்கிறாள், ஊர் வாயை மூட உலைமூடி உண்டா. அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் ஆடுவதற்கு முன்னால் நாங்கள் ஆடியிருக்கிறோம், அது என்ன சின்னக் கொடுப்பினையா. நேற்று இந்தப் பெட்டியை வைக்கும்போதும் நான் முனையிலிருந்து ஒரு சாண் அளந்து கோடு போட்டேன். ஆரோக்கியம் அங்கேயே பற்றவைத்தான். முனையில் வைக்கலாமே அக்கா என்று அவனும் கேட்கவில்லை, ஏன் இங்கே போடுகிறோம் என்று நானும் யோசிக்கவில்லை. இன்றைக்கு ஏறி உட்கார்ந்து போடு போடு என்றேன். சுவரில் எழுதியிருந்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கால் தரையைவிட்டு எழும்புகிற அந்தப் பதத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன், அது வந்ததும் போதும் என்றேன்.

கண்ணை மூடினால் அவர் அங்கே இருக்கிறார். இதைச் சொல்ல வெட்கப்பட்டு இனி என்ன. லேசாக அசைந்தால் அந்தப் பக்கம் லேசாக இறங்கி எழுகிறது, அவரும் இப்படித்தான், சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார், உடம்பைச் சற்றுப் பின்னால் சாய்த்து என்னை ஒரு விரல்கடை ஏற்றிவிட்டுச் சிரிப்பார். கண்ணைத் திறந்தால் பெட்டி. இரும்புக்கு மூச்சு இல்லை. அவர் பக்கத்திலிருந்து எப்போதும் தேங்காய் எண்ணெயும் வெல்டிங் புகையும் கலந்த வாசம் வரும், இந்தப் பெட்டியிலிருந்து துரு வாசம்தான் வருகிறது. வண்டி வந்துவிடும். வயிற்றில் கட்டி என்று சொன்ன பிறகும் அவர் பட்டறைக்கு வருவதை விடவில்லை, ஏறிப் பார்க்கிற வழக்கத்தையும் விடவில்லை. முதலில் கோட்டைவிட்டு நாலு விரல் பின்னால் போய் உட்கார்ந்தார், காலையில் இட்லி சரியாக இறங்கவில்லை, அதுதான் என்றார். அப்புறம் இன்னும் பின்னால். அப்புறம் முனைக்கே போய்விட்டார், இரண்டு பேரும் இப்ப சமம் பார் என்று வேடிக்கை பேசினார். முனைக்குப் பின்னால் போக இடம் ஏது. அதன்பிறகு நான் உள்ளே நகர ஆரம்பித்தேன். அவர் ஏறுவதற்கு முன்பே உட்கார்ந்து, முந்தானையை இழுத்து விட்டுக்கொள்வேன், எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரியக் கூடாது. ஒவ்வொரு சீசாவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நடு அச்சை நோக்கி வந்துகொண்டிருந்தேன், பலகை மட்டமாக நின்றது, அவர் சரி, பெயின்ட் அடிக்கலாம் என்பார். எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம், அவரை ஏமாற்றிவிட்டேன் என்று. முப்பது வருஷம் என்னோடு சீசாவில் உட்கார்ந்த மனுஷன் அவர், அவரையா ஏமாற்றுவது. ஒருநாள் உட்கார்ந்தபடியே சொன்னார், குரலில் கோபமே இல்லை.

"அம்மணி, பின்னால போயி ஒழுங்கா உக்காரு. நா எங்க இருக்கறேன்னு எனக்குத் தெரியோணுமல்ல."

நான் போகவில்லை. அவர் காத்திருந்தார். அப்புறம் நகர்ந்து நகர்ந்து முனைக்குப் போனேன், போகப் போக என் பக்கம் இறங்கியது, கடைசியில் முனை தரையில் இடிக்காமல் இருக்கக் கீழே போட்டிருந்த டயரில் போய் உட்கார்ந்தது. அவர் மேலே. கால் இரண்டும் தொங்குகிறது, செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. மேலேயிருந்து பார்த்தால் பட்டறை சுத்தமாகத்தான் இருக்கிறது, சும்மா உன்னைத் திட்டியிருக்கிறேன் என்றார். நான் சிரித்தேன், சிரித்துக்கொண்டே பார்த்தால் அவரால் இறங்க முடியவில்லை. குதிக்கத் தெம்பில்லை. நான் எழுந்தால் அவர் பக்கம் தடாலென்று விழும். ஆரோக்கியம் அந்தப் பக்கத்துக்கு டயர் வாங்கப் போயிருந்தான். நான் தரையில், அவர் அந்தரத்தில், அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவர் ஏதேதோ பேசினார், வருகிற மழைக்கு முன்னால் தகரம் மாற்ற வேண்டும் என்றார், அந்த மூலையில் சிலந்தி கூடு கட்டியிருக்கிறது என்றார். நான் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, என்னிடம் இருக்கிற கனத்தையெல்லாம் சேர்த்துக் கீழே வைத்துக்கொண்டிருந்தேன். என் கனத்தால் ஒரு உயிரைத் தாங்கிப் பிடிக்க முடிந்தது அந்த ஒருமுறைதான். ஆரோக்கியம் வந்து அவரைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி இறக்கினான். அவன் வராமலே இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நான் அப்படியே உட்கார்ந்திருப்பேன், எத்தனை நாளானாலும். இப்போது மட்டும் என்ன, அப்படித்தானே உட்கார்ந்திருக்கிறேன். நான் எழுந்தால் அந்தப் பக்கம் விழும். இதை இப்படியே வைத்துக்கொண்டு பிள்ளைக்கு வேறொன்று செய்தால் என்ன, பைப் இருக்கிறது, பேரிங் இருக்கிறது, வண்டிக்காரரைத் திருப்பி அனுப்பிவிடலாம், அவர் வாரத்துக்கு ஒருமுறைதான் மலை ஏறுவார், ஒரு வாரம்தானே. ஒரு வாரத்தில் என்ன குடி முழுகிவிடும். அந்தப் பிள்ளை இன்னும் ஒரு வாரம் தாழ்ந்த முனையில் போய் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான், அதுதான் பழகியிருக்கிறதே. சீ, என்ன பேச்சு இது. ஆனால் நினைக்கிறேன், நினைக்காமல் இருக்க முடியவில்லை. இறங்குவதென்றால் முதலில் சொல்ல வேண்டும். அதுவும் எங்கள் வழக்கம்தான், கல்யாணமான புதிதில் ஒருமுறை அவர் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று சடக்கென்று குதித்துவிட்டார், நான் விழுந்து முதுகெலும்பின் அடியில் பட்டு ஒரு மாதம் தலையணை வைத்துத்தான் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து இறங்குகிறவர் இறங்குகிறேன் என்று சொல்ல வேண்டும், மற்றவர் ம் என்று சொன்ன பிறகுதான் இறங்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கடைசியாக மூக்கில் குழாய் போட்டிருந்தார்கள், பேச்சு அவ்வளவாக இல்லை. ஒரு சாயங்காலம் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். "எறங்கட்டுமா அம்மணி" என்றார். எனக்குப் புரியாமல் இல்லை. கட்டிலுக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள், இப்போது இறங்கக் கூடாது, டாக்டர் வரட்டும் என்றேன். செரி என்று கண்ணை மூடிக்கொண்டார். மறுநாளும் காத்திருந்தார், நான் ம் சொல்லவில்லை. ஃபிளாஸ்க்கில் வெந்நீர் பிடித்துவரப் போன நேரத்தில் இறங்கிவிட்டார். சொல்லியிருக்கலாமே என்று யாராவது கேட்டால் சொல்லியிருக்க மாட்டேன் என்பேன், மறுபடி கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், யார் சொல்வார்கள் அதை.

மடியில் போன் அடிக்கிறது. எஸ்தர் டீச்சர். ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன், பலகை கொஞ்சம் ஆடி நின்றது. வண்டி கிளம்பிவிட்டதா என்று கேட்டார். இன்னும் வரவில்லை டீச்சர் என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் என்று ஆரம்பித்தேன், நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவர் பேசத் தொடங்கிவிட்டார், பெயின்ட் வாங்கி வைத்தாயிற்றாம், பள்ளிக்கூடம் லீவாக இருந்தும் சிந்துஜா காலையிலிருந்து டீச்சர் வீட்டு வாசலிலேயே நிற்கிறாளாம், உங்களிடம் ஏதோ கேட்க வேண்டுமாம், கொடுக்கிறேன் என்றார். போன் கைமாறியது. அப்புறம், "ஆண்ட்டி, அது என்னத் தூக்குமா?" என்றாள். தூக்கும் கண்ணு என்றேன். மேலே போனால் இறங்க முடியுமா என்றாள். பெட்டி நிறையத் தகட்டை வைத்துக்கொண்டு, முடியும் என்றேன். வாய் அதோடு நின்றிருக்கலாம். நின்றதா, எந்தப் பிள்ளையிடமும் சொல்கிறதை அவளிடமும் சொல்லிவிட்டது.

"எறங்கறப்ப எறங்கறேன்னு சொல்லிப்போட்டுத்தான் எறங்கோணும். சொல்லாமக் குதிக்கக் கூடாது, செரியா?"

"யாருகிட்ட சொல்லணும் ஆண்ட்டி? எதிர்ல யாரும் இருக்க மாட்டாங்களே."

குறைப்பட்டுக்கொள்கிற குரல் இல்லை அது. பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அந்த வயதில் அவளுக்கு அது தெரிந்திருக்கிறது, எதிரே ஆள் இல்லை என்று பார்த்து, இல்லை என்று சொல்ல முடிகிறது, நான் ஒரு பெட்டி இரும்பை ஏற்றி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருக்கிறேன். பரவாயில்லை, யாரும் இல்லாவிட்டாலும் வாய்விட்டுச் சொல்லு கண்ணு என்றேன். சரி என்றாள். இன்றைக்கே வந்துவிடுமா என்றாள். வந்துவிடும் என்றேன். போன் நின்ற பிறகும் காதிலேயே வைத்திருந்தேன். வாசலில் ஆரோக்கியம் நிற்கிறான், எப்போது வந்தான் தெரியாது, உள்ளே வராமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அக்கா, அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். எதிர்ப்பக்கத்தைப் பார்த்து, அவனுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று, எறங்கறனுங்க என்றேன். காத்திருந்தேன். வெயிலில் தகரம் சடசடத்தது. ஒன்றும் வரவில்லை, வராது. "ம்" என்றேன் நானே. அது எனக்குச் சொன்னது இல்லை. அவர் ஆஸ்பத்திரியில் கேட்டாரே, அதற்கு.

காலைத் தரையில் ஊன்றி எழுந்து, கைப்பிடியை விடாமல் மெதுவாக மேலே விட்டுக்கொண்டே போனேன், தோள் உயரம் வரைக்கும் என் கை தாங்கியது, அதற்குமேல் தாங்கவில்லை. பெட்டி டயரில் மோதிய சத்தம் பூட்டிய பட்டறைகளிலெல்லாம் பட்டுத் திரும்பி வந்தது. ஆரோக்கியம் ஓடிவந்தான். நான் எடுக்கிறேன், நீ வாங்கி வை என்றேன். ஒவ்வொரு தகடாக எடுத்தேன், எடுக்க எடுக்கப் பெட்டி இலேசாகிக்கொண்டே வந்தது, இது எனக்குத் தெரிந்த வேலைதான், ஒருமுறை பார்த்துக்கொண்டு நின்ற வேலை, இந்த முறை என் கையாலேயே. கண் மறைத்தது, துடைக்கவில்லை, கையெல்லாம் துரு. சுவரில் போட்ட கணக்குக்கு வந்ததும் நிறுத்தினேன். பெட்டியின் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. மூடிக்கு வெல்டிங் வைக்காதே, போல்ட் போடு, பிள்ளை வளர வளர டீச்சர் ஒவ்வொரு தகடாகச் சேர்க்க வேண்டியிருக்கும் என்றேன். வண்டி வாசலில் வந்து ஹாரன் அடித்தது. எத்தனை தகடு கூட அனுப்புவது அக்கா என்றான் ஆரோக்கியம், தரையில் கிடந்த அடுக்கைக் காட்டி. நான் சாக்பீஸை எடுத்து அந்தப் பழைய கணக்குக்குக் கீழேயே போட்டுப் பார்த்தேன். அந்தப் பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான். அதற்குள் அவள் எவ்வளவு நன்றாகச் சாப்பிட்டு எவ்வளவு வளர்ந்தாலும், எப்படிக் கூட்டினாலும், அவரில் பாதிகூட வரவில்லை.